பந்துக்கு வந்தவன் பந்தியில் அமர்ந்த படலம்

வாழி உக்கிரபாண்டி! பஞ்சு பறக்கும் நூற்பாலையில் பத்தாண்டு நின்றும் இளைக்காத மலைமார்பன். மில் கால்பந்து அணியின் கோல்கம்பங்களுக்கு நடுவே காவல் நின்று, வந்த பந்துகளையெல்லாம் வழிவிட்டு வாழ்த்தியனுப்பிய வள்ளற்கையன். பரவைக்கும் திருநகருக்கும் இடையே சைக்கிள் மிதித்தும் சலியாத இரும்புத்தாளன்! அன்னவன் புகழ் பாடப் புகுந்தோம். நாவே, குழறாதே! தொண்டையே, கமறாதே! சபையோரே, வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்து உட்காருங்கள்.

எண்பத்தாறாம் ஆண்டு, ஆனி மாதம். ஏழு கடலுக்கு அப்பால் நடந்து முடிந்த உலகக் கோப்பையின் இறுதிப் பெரும்போரை மறுநாள் மாலை டிவியில் மறுபடி காட்டப்போவதாகக் காற்றுவாக்கில் சேதி வந்தது. பிறந்தது முதல் உலகக் கோப்பையைச் செய்தித்தாளின் மூலையில் நாலு வரியாகவே கண்டவன் நம் தலைவன். ஒரே ஒரு தடவை, சாவதற்குள் ஒரே ஒரு தடவை, அந்த ஆட்டத்தைக் கண்ணாரப் பார்த்துவிட வேண்டுமென்று ஏங்கிய ஏக்கம் கொஞ்சநஞ்சமல்ல. முடிவு தெரிந்துவிடக் கூடாதென்று அன்று பேப்பரைத் தொடவில்லை. டீக்கடை ரேடியோ செய்தி வாசித்தால் காதைப் பொத்திக்கொண்டு ஓடினான். நைட் ஷிப்ட் முடித்த கண்கள் கொள்ளிக்கட்டையாய்ச் சிவந்திருக்க, ஒரு பொட்டுத் தூங்காமல் சைக்கிளை எடுத்தான்.

எடுத்தவன் திக்குவிஜயம் தொடங்கினான். பரவைப் பஞ்சாயத்து டிவியை முதலில் முற்றுகையிட்டான். அங்கோ, முந்தின நாள் அடித்த காற்றில் ஆன்டெனா கூரைமேல் மல்லாந்து கிடந்தது. டவுன்ஹால் ரோட்டில் டிவி விற்கும் கடைக் கண்ணாடியை நோக்கிப் படை நடத்தினான். அங்கோ, அவனுக்கு முன்பே திரண்டிருந்த சேனையைக் கண்டு மிரண்ட முதலாளி, "வாங்க வக்கில்ல, வேடிக்கை மட்டும் வேணுமாக்கும்! கலைங்கய்யா!" என்று முழங்கி இரும்பு ஷட்டரை இழுத்துவிட்டார். மாநகரம் இம்புட்டுப் பெரிதாயிருந்தும் ஒரு மனிதன் உட்கார்ந்து பந்தாட்டம் பார்க்க ஒரு சாண் இடமில்லை.

இடம் ஒன்று இருந்தது. அந்தோ, அதை நினைத்ததும் தலைவனின் மீசை துடித்தது! திருநகரில், மனைவி சோலையம்மாளின் அண்ணன் நல்லகாமன் வீட்டில், தேக்குப் பெட்டியும் இழுவைக் கதவும் கொண்ட டிவி ஒன்று கொலுவிருந்தது. ஆனால் மூன்று வருஷத்துக்கு முன், அந்த வீட்டுக் காதுகுத்து விருந்தில், சொந்தத் தங்கச்சி புருஷனை முதல் பந்தியில் உட்கார்த்தாமல் இரண்டாம் பந்திக்குத் தள்ளிய மானக்கேட்டால் வெகுண்டெழுந்து, "இனிமே இந்த வீட்ல கை நனைச்சா எம் பேரு உக்கிரபாண்டி இல்ல!" என்று வாசலில் நின்று வஞ்சினம் உரைத்தவனாயிற்றே! ஒரு பருக்கை உண்ணேன் என்பது அதன் பொருள். டிவி பாரேன் என்று அதில் எங்குமில்லை. இந்த நுணுக்கத்தைப் பசுமலை ஏற்றத்தில் கண்டுபிடித்த தலைவன் விசிலடித்தபடி மிதித்தான்.

பொழுது சாயுமுன் வாசலில் சைக்கிள் மணி ஒலித்தது. மூன்று வருஷமாக அந்த மணிக்குக் காது கொடுத்துக் காத்திருந்த நல்லகாமன், வேட்டி அவிழ ஓடிவந்தபடி, உள்ளே இருந்த மனைவிக்கும் குரல் கொடுத்தார்.

"வாங்க மாப்ள! அன்னக்கொடி, அந்தச் சேவலப் பிடி!"

"சேவலும் வேணாம், ஒண்ணும் வேணாம் மச்சான். ஆட்டத்தப் பார்த்துட்டு அப்படியே கிளம்பிருவேன்."

நல்லகாமன் முகம் கறுத்தது. உள்ளே போனார். டிவியின் கதவைச் சரசரவென்று இழுத்துச் சாத்தினார். பூட்டினார். சாவியை அரைஞாண் கயிற்றில் முடிந்துகொண்டு, தெரு முழுக்கக் கேட்கும்படி பிரகடனம் செய்தார்: "எந் தங்கச்சி புருசன் கை நனைக்காம எம் வீட்ல குந்தி டிவி பார்த்தான்னு ஊரு பேசவா? இன்னிக்கு முதல் பந்தி மாப்ளைக்குத்தான். இலை எடுத்தாத்தான் கதவு தொறக்கும்!"

அடடா, என்ன தர்மசங்கடம்! ஒருபக்கம் வஞ்சினம், ஒருபக்கம் உலகக் கோப்பை. தலைவன் பூட்டைப் பார்த்தான். அடுப்படியிலிருந்து மிளகு வறுபடும் வாசம் வந்தது. மச்சானின் கண் கலங்கியிருந்ததையும் பார்த்தான். சொம்பை வாங்கிக் கை கழுவிவிட்டு இலைமுன் உட்கார்ந்தான்.

அதன்பின் மூண்டது மகாயுத்தம். அன்னக்கொடியின் அகப்பை வாளெனச் சுழல, சோற்றுமலை சரிய, சேவற்குழம்பு வெள்ளமெனப் பாய, ஈரலும் தொடைக்கறியும் இருபுறமும் வந்திறங்க, "போதும்" என்று தலைவன் நீட்டிய கையின் மேலேயே நல்லெண்ணெய் ஒழுக முட்டை விழ, "அண்ணே, மூணு வருசத்துச் சோறு பாக்கியிருக்கு, சும்மா சாப்பிடுங்க!" என்று அவள் போர்முரசறைய, பந்துக்கு வந்தவன் பந்தியில் சிக்கிப் பகை முடித்துத் தின்றான். எழலாமென்றால் முடியுமா? பந்தியில் பெரியவர் எழுமுன் எழுவது முறையல்ல. பெரியவரான மச்சானோ அருகில் அமர்ந்து ஒரே ஒரு எலும்பை ஆற அமரக் கடித்துக்கொண்டிருந்தார்.

கடைசியில் எழுந்தார். பூட்டுத் திறந்தது. கோட்டைக் கதவு விலகியது! கறுப்பு வெள்ளைப் புல்வெளியில் இரு படைகளும் அணிவகுத்து நின்றன. தலைவனுக்கென்று முன்வரிசையில் ஒற்றைச் சாய்வு நாற்காலி; தலைக்கு மேல் மின்விசிறி; வாயில் வெற்றிலை. இதற்காகவன்றோ பிறந்தேன் என்று நெஞ்சு விம்மச் சாய்ந்தான் உக்கிரபாண்டி. நடுவர் விசிலை உதட்டில் வைத்தார். ஊதினார். பந்து உருண்டது. தலைவனின் தலையும் ஒருபக்கம் உருண்டது. அவன் விட்ட குறட்டை மைதானத்து ஆரவாரத்தை விஞ்சியது.

நல்லகாமன் பாசம் பொங்கப் பார்த்தார். பிறகு, ஆரும் மூச்சுக் காட்டலாகாதென்று கையுயர்த்தி, இறுதிப் பிரகடனத்தை வெளியிட்டார்: "மாப்ள அசந்து தூங்குறாரு. அந்தச் சனியன அமத்து."

அன்னக்கொடி டிவியை அணைத்துவிட்டுப் பாத்திரம் கழுவப் போனாள்.