செவலைக் கோழியின் எட்டு விரல்கள்

ஒரு காட்டில், புலியே டோக்கன் வாங்கிக்கொண்டு வரிசையில் நின்ற காலத்தில், செவலை என்றொரு கோழி இருந்தாள். அவளுக்குக் குஞ்சுகள் எட்டு. விரல்களும் காலுக்கு நாலாக எட்டு. அவளுக்குத் தெரிந்த கணக்கு அவ்வளவுதான். சாயங்காலம் பள்ளிக்கூட வாசலில் நின்று, வெளியே வரும் குஞ்சுக்கு ஒரு விரலாக மடக்குவாள். எட்டும் மடங்கினால் வீட்டுக்கு நடை. எட்டையும் மடக்கிவிட்டு எப்படி நின்றாள் என்று கேட்காதீர்கள். கதைக்கு ஏது கால்?

ஒரு நாள் ஒரு விரல் மடங்காமல் நின்றது.

"வாத்தியாரே, என் கடைக்குட்டியைக் காணோமே!"

கணக்கு வாத்தியார் நரி, வாயைத் துடைத்துக்கொண்டே வந்தார். மீசையில் பஞ்சு போல ஏதோ ஒட்டியிருந்தது.

"ஏம்மா, இன்னுமா விரலை மடக்கி எண்ணிக்கிட்டிருக்கே? பெத்தவளே இப்படின்னா பிள்ளைங்க எங்கே உருப்படும்? இந்த வருஷத்துலேருந்து இங்கே எல்லாமே கால்குலேட்டர்தான். இந்தா, நீயே தட்டிப் பாரு. காலையில எத்தனை பேரை அனுப்பினே?"

"எட்டு."

"எட்டைத் தட்டு. அதுக்கப்புறம் புதுசா எத்தனை சேர்த்தே?"

"ஒண்ணும் சேர்க்கலியே."

"அப்போ கூட்டல் பூஜ்யம். என்ன வருது?"

"எட்டு. ஆனா இந்த விரல்..."

"மெஷின் பொய் சொல்லுமாம்மா?"

பக்கத்தில் நின்ற முயலம்மா செவலையின் இறக்கையை இடித்தாள். "விடுடி. நான் எண்ணுறதை விட்டே ஒரு மாசமாச்சு. மனசு எவ்வளவு லேசா இருக்கு தெரியுமா?"

அன்றிலிருந்து செவலையும் தட்டியே பார்த்தாள். வாரத்துக்கு வாரம் அவள் இறக்கைக்கடியில் சூடு குறைந்தது. எட்டு மட்டும் குறையவே இல்லை. வாத்தியாருக்குத்தான் சட்டைப் பித்தான் தெறித்தது.

ஆண்டுத் தேர்வு வந்தது. அந்தப் பள்ளியில் எழுத மிஞ்சியிருந்தவள் செவலையின் மூத்தவள் பொட்டு ஒருத்திதான். கேட்ட கணக்கையெல்லாம் தட்டித் தட்டித் தேறிவிட்டாள். நரியும் தட்டினார்: ஒன்றை ஒன்றால் வகுத்து, நூறால் பெருக்கினார்.

மறுநாள் காட்டு முகப்பில் பேனர் ஏறியது. 'நூறு சதவீதத் தேர்ச்சி!' பேனர் முழுக்க நரி கைகூப்பிச் சிரித்தார். ஓரத்தில் தபால்தலை அளவுக்குப் பொட்டு.

பாராட்டு விழாவில் செவலைக்குச் சால்வை போர்த்தினார்கள்.

"சிரிடி, போட்டோ எடுக்கிறாங்க" என்றாள் முயலம்மா. அவள் குட்டிகளையும் அங்கே காணோம்.

செவலை சிரித்தாள். சால்வை நழுவியது, பிடிக்கக் குனிந்தவள் தன் காலைப் பார்த்துவிட்டாள். பழக்கதோஷம், ஒரு விரல் தானாக மடங்கியிருந்தது. மற்ற ஏழும் நீட்டிக்கொண்டு நின்றன.

யாராவது பார்த்தால் படிக்காதவள் என்று நினைத்துவிடுவார்களே! அவசர அவசரமாக மண்ணைக் கிளறி, அந்த ஏழையும் மூடிக்கொண்டாள்.

நீதி: பிள்ளைகளை நல்ல பள்ளியாகப் பார்த்துச் சேருங்கள், பிள்ளை வராவிட்டாலும் விடை சரியாக வரும்.