மூன்றாவது மாடிச் சாமான்

“குடியிருப்போர் வண்டிகளுக்கு மட்டும்” என்ற பலகையை மனைவி அல்முட் இரண்டாம் முறை படித்துக் காட்டியபோது, ஹார்ட்விக் வேனைப் பூட்டிவிட்டிருந்தார்.

“ரேகன்ஸ்பர்க்ல நமக்கு இருக்கிறது இன்னிக்கு ஒரு நாள்தான். நாளைக்கு வியன்னாவுல பொண்ணு காத்திட்டிருப்பா. இடம் தேடியே ஒரு மணி நேரம் போச்சு. ஒருத்தரும் கவனிக்க மாட்டாங்க, வா.”

அப்போதுதான் சந்து முனையிலிருந்து ஒரு பெண் வந்தாள். நீலக் கோட்டு, கையில் நோட்டு, பேனா. பலகையைப் பார்த்தாள், வேனைப் பார்த்தாள், கடைசியாக ஹார்ட்விக்கைப் பார்த்தாள்.

“யார் வீட்டுக்கு வந்திருக்கீங்க சார்?”

ஹார்ட்விக் வடக்கு ஜெர்மனியில் கடலோர ஊர் ஒன்றில் முப்பத்திரண்டு வருடம் கணக்கு வாத்தியார். பொய் சொல்லும் பிள்ளைகளை முகத்தைப் பார்த்தே பிடித்தவர். சொந்தமாகச் சொல்லித்தான் பழக்கமில்லை. அவள் தோளுக்குப் பின்னால் கதவோரத்தில் தெரிந்த பெயர்களில் ஒன்றைப் படித்தார்.

“ஹுட்ஸ்லர் வீட்டுக்கு. சாமான் ஏத்த.”

“மூணாவது மாடி. மணியை அடிங்க” என்றாள். சொல்லிவிட்டு நகரவில்லை.

வேறு வழியில்லாமல் அடித்தார். கதவு திறந்துகொண்டது.

மேலே எண்பதைத் தாண்டிய ஓர் அம்மாள் கைத்தடியுடன் நின்றிருந்தார். சுற்றிலும் கயிறு கட்டிய பெட்டிகள்.

“வாங்க தம்பி. ஆள் வரும்னு சொன்னாங்க. இவ்வளவு சீக்கிரம் வருவீங்கன்னு நினைக்கல.”

“இல்லம்மா, அது வந்து...” ஹார்ட்விக் சன்னல் வழியே கீழே எட்டிப் பார்த்தார். நீலக் கோட்டு வேனில் சாய்ந்து நின்றிருந்தது. “எதை முதல்ல எடுக்கணும்?”

ஒரே ஒரு நாற்காலியைத் தூக்கிக்கொண்டு இறங்கினார்.

“என்ன இது?” என்றாள் அல்முட்.

“நாற்காலி. அவங்க போற வரைக்கும் பேசாம இரு.”

“ஒரு நாற்காலிக்கா இவ்வளவு பெரிய வேன்?” என்று கேட்டு, நீலக் கோட்டுக்காரி நோட்டில் ஏதோ எழுதினாள்.

எழுதியதைப் பார்த்ததும் ஹார்ட்விக்கின் கால்கள் தாமாகவே படியேறின. இந்த முறை அல்முட்டும் கூட வந்தாள். நாலு பெட்டி, தையல் மிஷின், நிலைக்கண்ணாடி. பிறகு சோபா.

சோபா இரண்டாவது மாடித் திருப்பத்தில் சிக்கிக்கொண்டது. மேலேயும் போகவில்லை, கீழேயும் வரவில்லை. சத்தம் கேட்டுப் பக்கத்து வீட்டுக்காரர் கதவைத் திறந்து, “எங்க கூடம் வழியா விட்டுத் திருப்புங்க” என்றார். திருப்பினார்கள். சோபாவின் கால் பட்டு மேசை விளக்கு சாய்ந்தது. சாப்பிட்டுக்கொண்டிருந்த குடும்பம் தட்டுகளைத் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டது. அந்த வீட்டம்மா, போகிற போக்கில், அல்முட்டின் வாயில் கடுகு விழுது தடவிய வெள்ளைச் சாசேஜ் இறைச்சித் துண்டு ஒன்றை ஊட்டிவிட்டாள்.

“நல்லா இருக்கு” என்றாள் அல்முட், சோபாவுக்கு அடியிலிருந்து.

வேன் நிரம்பியாயிற்று. நீலக் கோட்டைக் காணோம். ஹார்ட்விக் பெருமூச்சு விட்டு உண்மையைச் சொல்ல வாயெடுத்தார். அதற்குள் ஹுட்ஸ்லர் அம்மா தடியூன்றி ஒவ்வொரு படியாக இறங்கி வந்து முன் இருக்கையில் ஏறி உட்கார்ந்து பெல்ட்டும் போட்டுவிட்டார்.

“ஆத்துக்கு அந்தப் பக்கம் தம்பி. தரைத்தள வீடு. முட்டி தேஞ்சு போச்சு, ரெண்டு மாசமா நான் தெருவுல கால் வைக்கல.”

ஹார்ட்விக் வண்டியைக் கிளப்பினார்.

பழைய கல்பாலத்தில் வண்டி போகாது. சுற்றித்தான் போக வேண்டும். சுற்றிய வழியெல்லாம் அம்மாவின் கைத்தடி சன்னலுக்கு வெளியே நீண்டு ஊரைக் காட்டியது.

“அந்த மஞ்சள் வீடு தெரியுதா? அந்தச் சன்னல்லேருந்துதான் என் வீட்டுக்காரர் விழுந்தார்.”

“அய்யோ பாவம்” என்றாள் அல்முட்.

“பாவம் என்ன? என்னைப் பார்க்க வந்தவர், எங்கப்பாவைப் பார்த்துட்டுக் குதிச்சார். முதல் மாடிதான். நொண்டிக்கிட்டே வந்து மறுநாள் பொண்ணு கேட்டார்.”

மூன்று நடை அடித்தார்கள். ஒவ்வொரு நடைக்கும் அம்மாவும் கூடவே வந்தார். ஒவ்வொரு நடைக்கும் வேறு வழி, வேறு கதை. கடைசி நடையில் தேவாலயத்தின் இரட்டைக் கோபுரங்கள் மணியடித்து அவர்களைத் தாண்டிப் போயின. உள்ளே போகத்தான் நேரமில்லை.

மாலையில் புது வீட்டுச் சோபாவில் மூவரும் உட்கார்ந்தார்கள். திறந்த கதவுக்கு வெளியே டான்யூப் நதி. மேசையில் பொரித்த சாசேஜ், முட்டைக்கோஸ், பீர். அம்மா இரண்டு தடவை தெருவில் இறங்கி நடந்துவிட்டுத் திரும்பி வந்து உட்கார்ந்தார்.

“ஊரைப் பார்க்கவே இல்லைன்னு கோபமா?” என்று மனைவியின் காதில் கேட்டார் ஹார்ட்விக்.

“இதுக்கு மேல எப்படிப் பார்க்கிறது?” என்றாள் அவள், செருப்பைக் கழற்றிக் காலை நீட்டி.

அப்போது வாசலில் நீலக் கோட்டு வந்து நின்றது.

ஹார்ட்விக் முள்கரண்டியை வைத்துவிட்டு எழுந்தார். ஓடி அலுத்திருந்தது, மனசு வேறு உறுத்திக்கொண்டிருந்தது.

“மேடம், காலையில நான் சொன்னது பொய். இந்த அம்மா யாருன்னே எனக்குத் தெரியாது. கதவுல பேரைப் படிச்சுச் சொன்னேன். அபராதம் எவ்வளவோ எழுதுங்க, கட்டிடறேன்.”

அவள் கோட்டைக் கழற்றி ஆணியில் மாட்டினாள். பெற்றவளின் கன்னத்தில் முத்தமிட்டு, தட்டிலிருந்து ஒரு சாசேஜை எடுத்துக் கடித்தாள்.

“பியானோ மட்டும்தாம்மா பாக்கி. அடுத்த சனிக்கிழமை அந்தப் பலகைகிட்ட இதைவிடப் பெரிய வேன் ஏதாவது நிக்குதான்னு பார்க்கிறேன்.”