இங்கே பழைய விதி மட்டும்

“ரெண்டு பகடையை உருட்டு ஸீவ், எது பெருசோ அதை எடுத்துக்கோ” என்று சொல்லி முடித்ததுமே டோர்ஸ்டென் நாக்கைக் கடித்துக்கொண்டான்.

ஸீவ் உருட்டவில்லை. பள்ளிக்கூட நர்ஸாக இருந்து ஓய்வுபெற்றவள். பொய் வயிற்றுவலிப் பையன்களைப் பார்த்த அதே பார்வையை இப்போது டோர்ஸ்டென் மேல் வைத்தாள். “ரெண்டா?”

“ஒண்ணுன்னேன்.”

“ரெண்டுன்னே. பெருசை எடுத்துக்கோன்னே. நம்ம விதியில அப்படி ஏது?”

சீஸ் சாண்ட்விச்சைக் கடித்த வாயோடு ஷெல் நிமிர்ந்தான். தச்சு வேலை செய்கிறவன், நல்லவன், எதையும் மனசில் வைத்துக்கொள்ளத் தெரியாதவன். “அது புதுப் பதிப்பு விதியாச்சே!”

கத்ரினேஹோல்ம் என்ற சின்ன ஊரில் வியாழக்கிழமைதோறும் டோர்ஸ்டென் வீட்டு மேசையைச் சுற்றி உட்கார்ந்து, ஆளுக்கொரு வேஷம் எடுத்து, பகடை உருட்டிக் கதை வளர்க்கிற கூட்டம் அது. ஒருத்தன் குள்ளன், ஒருத்தி சூனியக்காரி. கதையை நடத்துகிறவன் டோர்ஸ்டென். எது நடக்கும், எது நடக்காது என்பதையெல்லாம் விதிப்புத்தகம் சொல்லும். அந்தப் புத்தகத்துக்குப் புதுப் பதிப்பு வந்து ஆறு வருஷமாகிறது. உலகமே மாறிவிட்டது, இந்த மேசை மட்டும் மாறவில்லை. மாறவிடாமல் காத்தவன் சாட்சாத் டோர்ஸ்டென்தான்.

காத்தான் என்றால் சும்மாவா? புதுப் பதிப்பை முதன்முதலில் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வந்தவன் பிர்யெர், ஒன்றாம் வகுப்பிலிருந்து கூடப் படித்தவன். “அடுத்த வாரத்துலேர்ந்து இதை ஆடிப் பார்ப்போமாப்பா?” என்று கேட்டான், பாவம். டோர்ஸ்டென் எழுந்து நின்று ஒரு பிரசங்கமே செய்தான். கொள்கை இல்லாதவன், புதுசைக் கண்டால் பல்லிளிக்கிறவன் என்றான். கடைசியில், “இனிமே என் சிநேகிதன்னு வெளிய சொல்லிக்காதே” என்றும் சொல்லிவிட்டான். பிர்யெர் கோட்டை மாட்டிக்கொண்டு போனவன்தான்.

இரண்டு பேரும் ஒரே குடியிருப்பு. இவன் முதல் வாசல், அவன் அடுத்த வாசல். கீழே பொதுத் துணி துவைக்கிற அறையில் பிர்யெர் காலையில் பதிவு செய்தால் இவன் சாயங்காலம் பதிவு செய்வான். சூப்பர் மார்க்கெட்டில் எதிர்ப்பட்டால், ஒருவன் போகிறவரை இன்னொருவன் தயிர் டப்பாவைத் திருப்பித் திருப்பிப் படிப்பான். பிர்யெர் வீட்டில் புதன்கிழமைகளில் புதுப் பதிப்புக் கூட்டம் நடக்கிறது என்று ஊருக்கே தெரியும். டோர்ஸ்டென் அந்தப் பக்கம் தலைவைத்தும் படுப்பதில்லை.

அப்பேர்ப்பட்டவன் வாயிலிருந்து ‘ரெண்டு பகடை’ எப்படி வந்தது?

மார்ச் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, பக்கத்து ஊர் ஃப்ளேனில் அத்தையைப் பார்த்துவிட்டு ரயிலைத் தவறவிட்டான். குளிருக்கு நூலகத்துக்குள் ஒதுங்கினால், அங்கே நாலு இளசுகள் புதுப் பதிப்பு ஆடிக்கொண்டிருந்தன. “ஒரு ஆள் குறையுது, வந்து உக்காருங்களேன்” என்றாள் ஆட்டம் நடத்திய மலின். நக்கலடிக்கலாம் என்றுதான் ஒரு குள்ளன் வேஷத்தை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தான். அடுத்த ரயிலையும் தவறவிட்டான். அதற்கடுத்ததையும்.

அவ்வளவு நன்றாக இருந்தது. அதுதான் அசிங்கம். அன்றிலிருந்து ஒரு ஞாயிறு தப்பாமல் ஃப்ளேனுக்குப் போய் ஆடிவிட்டு, திரும்புகிற ரயிலில் கூனிக் குறுகி உட்கார்ந்து வருகிறான். பிர்யெர் கேட்டதும் இதைத்தானே? இதற்காகவா அவனை அப்படித் துரத்தினேன் என்று நினைக்கும்போதெல்லாம் காது மடல் சுடும்.

இப்போது ஷெல்லும் ஸீவும் பார்க்கிற பார்வையில் காது மட்டுமல்ல, கழுத்துவரை சுட்டது. ஒப்புக்கொண்டிருக்கலாம். நம் ஆள் அதற்குப் பதிலாக மேசையைத் தட்டினான்.

“வாய் தவறினதுக்கு இப்படியா பார்ப்பீங்க? அந்தக் குப்பைப் பதிப்போட பேரைக்கூட இந்த வீட்டுல எடுக்கக் கூடாது! வேணும்னா எழுதியே மாட்டலாம், இங்கே பழைய விதி மட்டும்னு!”

சொன்னால் செய்துவிடுகிற ஜென்மம் ஸீவ். அடுத்த வியாழக்கிழமையே சிவப்பு நூலில் பூவேலையோடு தைத்து, சட்டம் போட்டுக் கொண்டுவந்து நீட்டினாள். “கண்ணு வலிக்கத் தச்சேன். உன்னை மாதிரி ஒரு ஆள் இருக்கிறதாலதான் நம்ம கூட்டம் நிக்குது” என்றாள். ஷெல் ஆணி அடித்தான். டோர்ஸ்டெனுக்கு அந்த ஆணி வேறெங்கோ இறங்கியது.

அதோடு ஃப்ளேனை நிறுத்தியிருக்க வேண்டாமா? நிறுத்தவில்லை. வீட்டில் சொல்லிவந்த சாக்கைத்தான் மாற்றினான். இனியும் ஒவ்வொரு ஞாயிறும் அத்தை என்றால் மனைவி இங்கலில் நம்பமாட்டாள். செப்டம்பர் பிறந்துவிட்டது, காட்டுக்குக் காளான் பொறுக்கப் போகிறேன் என்றான்.

முதல் வாரம் வெறுங்கையோடு வந்தான். “ஒண்ணுகூடவா கிடைக்கல?” என்றாள் இங்கலில். அடுத்த வாரம் ஃப்ளேன் கடையில் மஞ்சள் காளான் வாங்கிக் கூடையில் கொட்டிக்கொண்டு வந்தான்.

இங்கலில் கூடைக்குள் கைவிட்டு ஒரு சின்ன லேபிளை எடுத்தாள். “நம்ம காட்டுக் காளான் எல்லாம் இப்ப லிதுவேனியான்னு லேபிள் ஒட்டிக்கிட்டா முளைக்குது?”

டோர்ஸ்டென் அசடு வழிந்தான். அவள் அதற்குமேல் ஒரு வார்த்தை கேட்கவில்லை. காளானை வதக்கினாள்.

அந்த வாரம் ஃப்ளேன் ரயில் நிலையத்தில் மலின் இவனைக் கட்டிப்பிடித்து வழியனுப்பியதை, தங்கை வீட்டுக்குப் போய்வந்த ஸீவ் பார்த்துவிட்டாள். ஸீவ் ஷெல்லிடம் சொன்னாள். ஷெல்லுக்குத்தான் மனசில் எதுவும் நிற்காதே, நேராக இங்கலிலிடம் சொன்னான்.

புதன்கிழமை சாயங்காலம் டோர்ஸ்டென் வேலை முடிந்து வந்தால், மூன்று பேரும் சோபாவில் உட்கார்ந்திருந்தார்கள். காப்பி ஊற்றி வைத்திருந்தது. யார் முகத்திலும் கோபமில்லை. அதுதான் பயமாக இருந்தது.

“உக்காரு” என்றாள் ஸீவ், ஊசி போடப்போகிற குரலில். “நாங்க யாரும் உன்னைத் தப்பா நினைக்கல. இந்த வயசுல இப்படி ஆகுறது உண்டு.”

“எப்படி?”

“அந்தப் பொண்ணு” என்றாள் இங்கலில், ஜன்னலைப் பார்த்துக்கொண்டு. “யாரு அது?”

டோர்ஸ்டெனுக்குத் தூக்கிவாரிப் போட்டது. இல்லவே இல்லை என்று கத்த வாயைத் திறந்தான். அப்படியானால் ஃப்ளேனில் என்ன செய்கிறாய் என்று அடுத்த கேள்வி வரும். எதிர்ச் சுவரில் ஸீவின் சிவப்புப் பூவேலை. அவள் கண் வலிக்கத் தைத்தது. உண்மையைச் சொல்வதா, இந்தப் பழியைச் சுமப்பதா? எது குறைந்த மானக்கேடு என்று அந்த மடையன் ஒரு கணம் யோசித்தான் பாருங்கள்!

“அவ பேரு மலின்” என்றான் தலையைக் குனிந்துகொண்டு.

இங்கலில் கோப்பையைத் தட்டில் ‘ணங்’கென்று வைத்தாள். அதைக் கேட்டதும்தான் தான் செய்த காரியம் அவனுக்கே உறைத்தது. அதற்குள் மேசைமேல் கிடந்த அவன் கைப்பேசி அடித்தது. திரையில் மலின். இங்கலில் எடுத்து, எல்லோருக்கும் கேட்கிற மாதிரி அழுத்திவிட்டாள்.

“டோர்ஸ்டென்! நல்ல சேதி!” குரல் துள்ளியது. “ஞாயித்துக்கிழமை நாம விதியைத் தப்பாப் படிச்சுட்டோம். புதுப் பதிப்புப்படி கணக்குப் போட்டா உங்க குள்ளன் சாகவே இல்லை! உயிரோடதான் இருக்கான்!”

“நெசமாவா!” என்று டோர்ஸ்டென் துள்ளி எழுந்துவிட்டான். முகமெல்லாம் பல். குள்ளனுக்காக மூன்று நாளாய்ச் சோறு இறங்காமல் இருந்தவன் வேறென்ன செய்வான்?

பிறகுதான் மற்ற மூன்று முகங்களையும் பார்த்தான்.

“புதுப் பதிப்பு” என்றான் ஷெல், சாவுச் செய்தி சொல்கிற மாதிரி.

ஸீவ் எழுந்து போய்ச் சுவரிலிருந்து சட்டத்தைக் கழற்றி மார்போடு அணைத்துக்கொண்டாள். “பொண்ணு விவகாரமா இருந்தாக்கூட நான் உன் பக்கம் நின்னிருப்பேன்” என்றாள். பூமி பிளந்தால் உள்ளே போய்விடலாம் என்றிருந்தது டோர்ஸ்டெனுக்கு.

இங்கலில் முதலில் சிரித்தாள். கண்ணில் தண்ணீர் வருகிற அளவுக்குச் சிரித்தாள். பிறகு சட்டென்று நிறுத்தினாள்.

“அப்ப பிர்யெரை எதுக்குத் துரத்தினே?”

டோர்ஸ்டென் கைப்பேசியை எடுத்துச் சட்டைப்பைக்குள் போட்டான்.

“வாயைத் திற. அவன் கேட்டதும் இதைத்தானே? ஆறு வருஷமா அவன் பொண்டாட்டி குன்வோர் கீழே துணி காயப்போடும்போது நான் மேல ஜன்னலைச் சாத்திக்கிறேன். என் ஒரே சிநேகிதி அவ. உன் கொள்கைக்காகன்னு பல்லைக் கடிச்சுக்கிட்டு இருந்தேன். கொள்கையாம் கொள்கை!”

“எனக்கு அவன் மூஞ்சில முழிக்க வெட்கமா இருக்கு, இங்கலில்.”

“இருக்கட்டும். வெட்கத்தோடயே போ. மன்னிப்புக் கேக்காம இந்த வாசப்படி ஏறாதே.”

கோட்டுகூட மாட்டாமல் இறங்கினான். அடுத்த வாசலுக்கு நடப்பதற்குள் சொல்லவேண்டியதை நாலு விதமாகச் சொல்லிப் பார்த்தான். ஒன்றும் உருப்படியாக வரவில்லை. பிர்யெர் கதவைத் திறந்து, ‘யார் நீ’ என்று ஒரு வார்த்தை கேட்டுச் சாத்திவிட்டால்? சாத்தினாலும் தகும். எப்படியும் அவன் இல்லாமல் ஆறு வருஷம் ஓட்டியாகிவிட்டது, இனியும் அப்படித்தான் என்று ஆகிவிடுமோ என்பதுதான் பயம். மணியை அழுத்தினான்.

உள்ளே அதுவரை கேட்ட சிரிப்பு சட்டென்று நின்றது. நாற்காலிகள் இழுபட்டன. பகடைகள் தரையில் சிதறின. யாரோ “உஷ்” என்றார்கள். புதன்கிழமைக் கூட்டம். கதவிலிருக்கிற ஓட்டை வழியாக என்னைப் பார்த்துவிட்டார்கள், திறக்க மனசில்லை என்று நினைத்துக்கொண்டான். திரும்பிவிடலாமா என்று ஒரு கால் படியில் இறங்கியபோது கதவு ஒரு சாண் திறந்தது.

பிர்யெர்தான். முடி நரைத்திருந்தது. வழியை மறித்துக்கொண்டு நின்றான். உள்ளே வா என்று சொல்லவில்லை.

“டோர்ஸ்டெனா?”

“நான் உள்ளே வரல. ஒரு நிமிஷம் கேளு, அது போதும்.” டோர்ஸ்டென் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டான். “நீ அன்னைக்குச் சொன்னதுதான் சரி. புதுப் பதிப்பு நல்லா இருக்கு. ரொம்ப நல்லா இருக்கு. மார்ச்சுலேர்ந்து திருட்டுத்தனமா ஃப்ளேன் போய் ஆடிட்டிருக்கேன். உன்னைப் பேசக்கூடாததெல்லாம் பேசி அனுப்பிட்டு, நானே அதைப் பண்ணிட்டிருக்கேன்.”

பிர்யெர் முகம் காதுவரை சிவந்தது. கோபம் என்று நினைத்தான் டோர்ஸ்டென். சரி, பட்டுக்கொள்ள வேண்டியதுதான்.

“அதெல்லாம் இல்லப்பா…” என்று பிர்யெர் இழுத்தான். கதவு இன்னும் கொஞ்சம் மூடியது. “நீ அவ்வளவு சொல்லவேண்டியதில்ல. உண்மையைச் சொல்லப்போனா…”

“நீ ஒண்ணும் சொல்லவேண்டாம். தலைநிமிர்ந்து ஆடுறவன் நீ. உன் முன்னாடி நிக்கவே எனக்குக் கூசுது. மன்னிச்சிடுடா.”

பிர்யெர் கதவை இறுகப் பிடித்துக்கொண்டான். தரையைப் பார்த்தான். அவனுக்குப் பின்னால் உள்ளறையிலிருந்து குன்வோரின் குரல் எரிச்சலோடு வந்தது.

“யாரு பிர்யெர் அது? டோர்ஸ்டென் இல்லையே? இந்தப் பழைய பதிப்பை ஒளிச்சு வச்சு அது மேல உக்காந்து என் இடுப்பே போச்சு, எடுத்து மேசையில வச்சு ஆட்டத்தைத் தொடரலாமா வேண்டாமா?”