அட்டைப்பெட்டியருகே குளிர்காய்ந்த விவரம்

மகாகனம் பொருந்திய மாப்பிள்ளை தூலியோ அவர்களுக்கு, வல்தெராவிலிருந்து மாமனார் ஒலிந்தோ எழுதிக்கொண்டது. இங்கு நானும் உங்கள் மாமியார் தெல்ஃபினாவும் கோழிகளும் சுகம். மலையும் சுகமே; போன வாரம் முதல் தலையில் வெள்ளைத் துண்டு போட்டிருக்கிறது. உதினேயில் நீங்களும் மிரெல்லாவும் அவ்வண்ணமே இருக்க சான் மார்த்தினோ அருள்வாராக.

சான் மார்த்தினோ என்றதும்தான் எழுத வந்தது நினைவுக்கு வருகிறது. அவர் திருநாளன்று வேனோடு வந்து மாமியாரைக் கூட்டிப்போவதாகச் சொல்லியிருந்தீர்கள். ஊரில் வீடு மாறுகிறவர்கள் எல்லோரும் அன்றைக்குத்தான் மாறுவார்கள், தெரியும். "அம்மா குளிருதுன்னு போன்ல அழறாங்கப்பா" என்றாள் மிரெல்லா. தெல்ஃபினா இல்லாத வீட்டில் என்னால் இருக்க முடியாது மாப்பிள்ளை, வெட்கத்தை விட்டு எழுதுகிறேன். ஆகவே வீட்டைச் சூடாக்க ஒரு பெல்லட் அடுப்புக்குச் சொல்லிவிட்டேன். மரத்தூளை அழுத்திச் செய்த துண்டுகளைத் தானே எடுத்துத் தின்று தானே எரிகிற ஜாதி. இடம் பார்ப்பதுதான் பாக்கி. பெண்ணுக்கு வரன் பார்ப்பது இதைவிடச் சுலபம். தங்களைக் குறித்துச் சொல்லவில்லை.

அடுப்பு பொருத்துகிற எர்மெஸ் வந்து வீட்டைச் சுற்றிப் பார்த்தான். "படுக்கையறை கூடாது, திரைச்சீலை பக்கத்துல கூடாது, குழாய் வெளிய போக ஒரு சுவர் வேணும், கரண்ட் பிளக் வேணும். மத்தபடி வீட்ல எல்லாரும் எங்க ஒக்காருவீங்களோ அங்க வெச்சிடலாம் மாமா" என்றான். நான் தெல்ஃபினாவைப் பார்த்தேன், அவள் என்னைப் பார்த்தாள். அப்படி ஓர் இடம் எங்கள் வீட்டில் இல்லை. பஸ் ஓட்டி ஓய்வு பெற்ற நாளிலிருந்து சாயங்காலமானால் நான் ரேடியோவோடு ஷெட்டில், அவள் கோட்டைப் போட்டுக்கொண்டு சமையலறையில். எதற்கும் இருக்கட்டுமென்று விருந்தினர் அறையைக் காட்டினேன். எர்மெஸ் சுவரில் சாக்பீஸால் வட்டம் போட்டான்.

"அங்க யாருக்குச் சூடு? வருஷத்துக்கு ஒருதரம் வர்ற பாதிரியாருக்கா?" என்றாள் தெல்ஃபினா. "சோபா மேல போட்ட பிளாஸ்டிக் உறை உருகிப்போயிடும்." அந்த சோபாவில் தெரியாமல் உட்கார்ந்து கல்யாணத்துக்கு முன்பே நீங்கள் வாங்கிக் கட்டிக்கொண்டது நினைவிருக்கும்.

எர்மெஸ் ஒரு அட்டைப்பெட்டியைக் கொடுத்துவிட்டுப் போனான். "அடுப்பு இதே சைஸ்தான். மாத்தி மாத்தி வெச்சுப் பாருங்க, அப்புறம் ஓட்டை போடறேன்."

மாடிப்படி அடியில் வைத்தோம். முட்டியில் இடித்துக்கொண்டு பெட்டியிடம் மன்னிப்பும் கேட்டேன். பிறகு சமையலறை ஜன்னலோரம் வைத்தோம். அவள் அதன்மேல் ஈரக் காலுறைகளைக் காயப்போட்டாள். உட்கார்ந்து பார்த்தால்தானே தெரியும் என்று நானும் நாற்காலியை இழுத்துப் போட்டேன். பக்கத்து வீட்டு ஜெலிந்தோ வந்தவன், பெட்டிப் பக்கம் இரண்டு கையையும் நீட்டிக் குளிர்காய்ந்தான். "நல்ல அடுப்பு, சத்தமே போடலியே" என்று கோட்டுப் பொத்தானையும் கழற்றினான். பாவம் என்று அவனுக்கும் ஒரு நாற்காலி போட்டோம். வெளியே பனி அவசரமில்லாமல் விழுந்துகொண்டிருந்தது. தெல்ஃபினா பொலெந்தா சோளக்களியை நூலால் அறுத்துக்கொண்டே தன் சித்தி கதையை ஆரம்பித்தாள், நான் கேட்டேன், கேட்டபடியே கண்ணயர்ந்துவிட்டேன். கனவில் என் பழைய பஸ்ஸை ஓட்டுகிறேன், சீட்டில் ஆட்களில்லை, நம் வீட்டு அறைகள் ஒவ்வொன்றாக உட்கார்ந்திருக்கின்றன, முன் சீட்டில் இந்தப் பெட்டி டிக்கெட்டோடு. எந்த ஸ்டாப்பிலும் யாருமே இறங்கவில்லை. விழித்தால் தெல்ஃபினா பெட்டிமேல் தலைசாய்த்துத் தூங்குகிறாள், கோட்டைக் கழற்றியிருந்தாள். அன்றிலிருந்து தினமும் சாயங்காலம் அங்கேதான் இருக்கிறோம். குளிர் என்ற வார்த்தையே அவள் வாயில் வரவில்லை.

ஆகவே அடுப்புக்கு உத்தமமான இடம் சமையலறை ஜன்னலோரம் என்று தீர்மானமாகிவிட்டது. வேன் கொண்டுவர வேண்டாம். பேரப்பிள்ளைகளுக்கு என் முத்தம், உங்கள் தாயாருக்கு என் வணக்கம், உங்கள் வேனுக்கு நீண்ட ஆயுள்.

இப்படிக்கு,
ஒலிந்தோ

பி.கு.: மேலே எழுதியது அத்தனையும் ரத்து. நேற்று நாங்கள் பெட்டியருகே தூங்கிக்கொண்டிருந்தபோது எர்மெஸ் வந்து, சாக்பீஸ் வட்டத்தைப் பார்த்துவிட்டு, விருந்தினர் அறைச் சுவரில் ஓட்டை போட்டுவிட்டான். துளைபோடும் சத்தம் எனக்குக் கனவில் பஸ் இன்ஜினாகக் கேட்டிருக்கிறது. "அவ்ளோ நிம்மதியா தூங்கினீங்க, எழுப்ப மனசு வரல மாமா" என்றான். போச்சு, இவள் உதினேக்குப் பெட்டி கட்டப்போகிறாள் என்று நினைத்தேன். தெல்ஃபினா ஓட்டை வழியாக மலையைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு சோபாவின் பிளாஸ்டிக் உறையைச் சரசரவென்று கிழித்துப் போட்டுவிட்டு உட்கார்ந்து, பக்கத்து இடத்தைத் தட்டிக் காட்டினாள். "குளிருதுன்னுதானே மிரெல்லாகிட்ட சொன்னேன், அடுப்பா கேட்டேன்? நீங்க ஷெட்லயே கெடந்தா எந்த வீடும் குளிரத்தான் செய்யும். வந்து ஒக்காருங்க." அடுப்பு இன்னும் வந்து சேரவில்லை. ஓட்டை வழியாகப் பனிக்காற்று வருகிறது. இருவரும் அங்கேதான் உட்கார்ந்திருக்கிறோம்.

வேனை அவசியம் கொண்டுவரவும். கிழிந்த உறையையும் ஷெட்டிலுள்ள என் நாற்காலியையும் ஏற்றிப்போக வேண்டும். சோபாவில் இனி நீங்களும் உட்காரலாமாம். ஷூவைக் கழற்றிவிட்டு.