நில அளவையர் போட்ட கோடு

நில அளவையர் தம் ஐம்பத்திரண்டாம் வயதில், ஒரு சனிக்கிழமை மதியம் இரண்டு மணிக்கு, சுதந்திரம் அடைவது என்று தீர்மானித்தார். வீட்டை விட்டுப் போகும் உத்தேசமெல்லாம் இல்லை. சாப்பிட்ட கையோடு அவ்வளவு தூரம் யாரால் யோசிக்க முடியும்? வீட்டில் இருந்த ஒரே மடிக்கணினியை இரண்டாகப் பிரிப்பது, ஒரு பாகத்தில் லினக்ஸ் என்னும் இலவச இயங்குதளத்தை நிறுவுவது, அதற்கு மனைவிக்குத் தெரியாத ஒரு கடவுச்சொல்லை வைப்பது. அவ்வளவுதான் சுதந்திரம்.

காரணம் இலக்கியம். அளவையர் சுயசரிதை எழுதிக்கொண்டிருந்தார். முதல் அத்தியாயத்தை மனைவி படித்துவிட்டார். படித்தது தவறில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டே, "இதுல வர்ற தைரியசாலி யாருங்க? நமக்குத் தெரிஞ்சவரா?" என்று கேட்டதுதான் தவறு. இப்போது மூன்றாம் அத்தியாயமும் முடிந்துவிட்டது. அதில் தைரியசாலிக்குக் கல்யாணம் நடந்து, மனைவி அடங்கி ஒடுங்கிக் குடித்தனம் நடத்துகிறாள். இது அசல் மனைவியின் கண்ணில் பட்டால் என்ன ஆகும் என்று நினைத்தபோதே அளவையருக்குப் பல் கூசியது. அசல் மனைவி பல் மருத்துவர்.

சாப்பாட்டு மேஜையைத் துடைத்து, கணினியை வைத்து, பென் டிரைவைச் செருகி, அளவையர் வேலையை ஆரம்பித்தார்.

"என்னங்க பண்றீங்க?"

"லேப்டாப்பைச் சீர்திருத்தறேன்."

"அது என்ன தப்பு பண்ணுச்சு?"

"திறக்கவே பதினோரு நிமிஷம் ஆகுதே, தெரியலையா? எல்லாம் உனக்காகத்தான். இனிமே ரெண்டு பாகம். நீ பழகினது உனக்கு. புதுசு, ஏதோ ஒரு ஓரமா, எனக்கு."

"என் எக்ஸ்ரே படமெல்லாம் அதுலதானே இருக்கு?"

"ஒண்ணும் ஆகாது. முப்பது வருஷமா ஊரார் நிலத்தைப் பிரிச்சுக் குடுக்கறேன். ஒரு டிஸ்க்கைப் பிரிக்க மாட்டேனா?"

மருத்துவர் பாத்திரம் கழுவப் போய்விட்டார்.

திரையில் ஒரு நீண்ட பட்டை தோன்றியது. நடுவில் ஒரு கோடு. சுட்டியால் எந்தப் பக்கம் வேண்டுமானாலும் இழுக்கலாம். அளவையர் மெய்ம்மறந்தார். முள் இல்லை, சேறு இல்லை, துரத்தும் நாய் இல்லை. பக்கத்துக்காரன் மண்வெட்டியோடு நிற்கவில்லை. முப்பது வருட உத்தியோகத்தில் இப்படியொரு நிலம் அவருக்கு வாய்த்ததே இல்லை. மொத்தம் ஐந்நூறு ஜி.பி. இடம். கோட்டை இழுத்தார். மனைவிக்கு இருநூறு, தமக்கு முந்நூறு. ஆசை விடவில்லை. இன்னும் கொஞ்சம் இழுத்தார். மனைவிக்கு நூற்றிருபது. எக்ஸ்ரே படங்கள் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றால் அதில் நிற்கலாம்.

'இனி மாற்ற முடியாது, தொடரலாமா?' என்று திரை கேட்டது. தொடரலாம் என்று அதிகார தோரணையில் அமுக்கினார்.

"ஏங்க, ஒரு சந்தேகம்." மருத்துவர் கையைத் துடைத்தபடி பின்னால் நின்றிருந்தார். "அண்ணன் தம்பி ரெண்டு பேர் நிலத்தைப் பிரிச்சுக்கறாங்க. சண்டை வராம எப்படிப் பிரிப்பீங்க?"

வீட்டில் இதுவரை யாரும் அவரிடம் தொழில் பற்றிக் கேட்டதில்லை. அளவையர் நாற்காலியையே திருப்பிப் போட்டு உட்கார்ந்தார்.

"நல்ல கேள்வி. கோட்டை ஒருத்தன் போடணும். எந்தப் பக்கம் வேணும்னு மத்தவன் முதல்ல எடுத்துக்கணும். அப்பதான் கோடு போடறவன் கை கோணாது. நான் இப்படிப் பிரிச்ச ஒரு குடும்பம்கூடக் கோர்ட்டுக்குப் போனதில்ல."

"யாருக்காகவும் மாத்த மாட்டீங்களா?"

"மந்திரியே வந்து நின்னாலும் மாத்த மாட்டேன்."

"சரி. இந்தக் கோட்டைப் போட்டது யாரு?"

அளவையர் வாயைத் திறந்தார். மருத்துவரின் எதிரில் வாயைத் திறந்தவர்கள் பதில் சொல்லும் வழக்கம் இல்லை.

"அப்ப எனக்குப் பெரிய பக்கம். தள்ளுங்க."

திரை புதுப் பக்கத்துக்குப் பெயரும் கடவுச்சொல்லும் கேட்டது. மருத்துவர் உட்கார்ந்து, விசைகளைப் பார்க்காமலே தட்டினார்.

"உனக்கு இது பழக்கமில்லையேம்மா. கஷ்டப்படுவே."

"கிளினிக்ல நாலு வருஷமா லினக்ஸ்தாங்க."

"சொல்லவே இல்லையே!"

"நீங்க கேட்டாத்தானே?"

அளவையர் மனத்தைத் தேற்றிக்கொண்டார். சிறியதானாலும் தனி மனை. எக்ஸ்ரே படங்கள் ஞாயிறு காலையிலேயே பெரிய பக்கத்துக்குக் குடிபோய்விட்டன. தம் பங்காக வந்த பழைய பக்கத்துக்கு இருபத்திரண்டு எழுத்தில் ஒரு கடவுச்சொல் போட்டார். அதை மனப்பாடம் செய்யவே மதியம் வரை ஆயிற்று. பிறகு பூட்டிய அறையில் உட்கார்ந்தவரைப்போல நிம்மதியாக மூன்றாம் அத்தியாயத்தைச் செம்மைப்படுத்தினார். மனைவி இன்னும் கொஞ்சம் அடங்கினாள்.

புதன்கிழமை சாயங்காலம் மருத்துவர் கிளினிக்கிலிருந்து வந்து செருப்பைக் கழற்றினார்.

"'என் கண்ணசைவுக்காக அவள் காத்திருந்தாள்'னு எழுதியிருக்கீங்களே. அது எந்த வருஷம்ங்க?"

அளவையர் எழுந்து நின்றுவிட்டார். "நான் பூட்டு போட்டிருக்கேனே! இருபத்திரண்டு எழுத்து!"

"வாசல்ல போட்டிருக்கீங்க. என் பக்கத்துலேர்ந்து பார்த்தா உங்க பக்கம் மொத்தமும் தெரியுது. லினக்ஸ்ல அந்த வசதி உண்டு."

"அப்ப என் பக்கத்துலேர்ந்து உன் பக்கம்?"

"தெரியாது."

ஒரு பக்கத்திலிருந்து மட்டும் தெரியும் மதிலை அளவையர் எந்த வரைபடத்திலும் கண்டதில்லை. தோற்றவருக்கு மிச்சம் கௌரவம் ஒன்றுதான். அதைக் கையிலெடுத்தார்.

"சரி. அந்த அத்தியாயத்தை இப்பவே அழிச்சிடறேன்."

"ஐயய்யோ, அழிச்சிடாதீங்க!" மருத்துவர் உண்மையாகவே பதறினார். "நாலாவதையும் சீக்கிரம் எழுதுங்க. பயந்துட்டு வாயையே திறக்காத பேஷண்டுங்களுக்கு அதைத்தான் ரெண்டு பக்கம் படிச்சுக் காட்டறேன். சிரிக்கிற சிரிப்புல கடவாய்ப் பல் வரைக்கும் தெரியுது."