ஆப்பிரிக்காவுக்குப் பரஸ்தானம்

சிங்கம் பார்க்கப் போகும் ஜீப்புக்குக் கதவே கிடையாது என்கிற விஷயம், தேனாம்பேட்டை டிராவல்ஸ் ஆபீஸில் வண்ணப் படத்தைப் பார்த்த பிறகுதான் ஸ்ரீரங்கனுக்குத் தெரிந்தது. கதவு மட்டுமில்லை, கூரையும் இல்லை. நாலு பக்கமும் திறந்த வண்டியில் ஒரு வெள்ளைக்காரத் தம்பதி சிரித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது. பத்தடி தள்ளி ஒரு சிங்கம், இலை போட்டுவிட்டுப் பரிமாற வராதவர்களைப் பார்ப்பதுபோல அவர்களைப் பார்த்துக்கொண்டிருந்தது.

"கதவு எங்கேப்பா?" என்றார்.

"கதவு இல்லைன்னாதான் ஸார் போட்டோ நல்லா வரும்," என்றான் விஜயராகவன். அந்த ஆபீஸில் வெளிநாட்டுப் பிரயாணங்களைக் கவனிக்கிற இளைஞன்.

ஸ்ரீரங்கன் ஒரு இன்ஷூரன்ஸ் கம்பெனியில் விபத்து நஷ்ட ஈட்டுப் பிரிவில் உத்தியோகம் பார்த்து ரிடையர் ஆனவர். மனுஷன் எப்படியெல்லாம் சாகலாம் என்பது அவருக்கு அத்துப்படி. தெற்கு மாட வீதியைக் கடக்க வேண்டுமென்றால் இரண்டு பக்கமும் பார்ப்பார், மறுபடி பார்ப்பார், பிறகு எதிர்ப்பக்கத்தில் அப்படி என்ன அவசர வேலை என்று வீட்டுக்குத் திரும்பிவிடுவார்.

இப்படிப்பட்டவர் வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டது ஆனி மாசம் தி.நகரில் ஒரு கல்யாண ரிசப்ஷனில். அவர் மனைவி கோமளத்தின் தங்கை புருஷன் ஜெயராம், கிண்ணத்தில் ஐஸ்க்ரீம் கரைவதுகூடத் தெரியாமல் சிங்கப்பூர்ப் பிரதாபத்தை அளந்துகொண்டிருந்தார். ஸ்ரீரங்கனுக்குப் பொறுக்கவில்லை. சிங்கப்பூருக்குத்தான் எல்லாரும் போகிறார்களே, நான் கோமளத்தை ஆப்பிரிக்காவுக்கு அழைத்துக்கொண்டு போகப்போகிறேன், காட்டில் சிங்கம் பார்க்க, என்று ஒரு போடு போட்டார். ஜெயராமின் வாய் மூடிவிட்டது. அந்த ஒரு நிமிஷம் ஸ்ரீரங்கனுக்கு அமிர்தமாக இருந்தது.

அவர் துணிந்து சொன்னதற்குக் காரணம் உண்டு. தென்னாப்பிரிக்காவுக்குப் போகக்கூடாது என்று நம்முடைய பாஸ்போர்ட்டிலேயே அச்சடித்திருந்த காலம் ஒன்று இருந்தது. அது இன்னும் அப்படியேதான் இருக்கும் என்று நினைத்தார். அந்தத் தடை போய் இரண்டு மூன்று வருஷம் ஆகிவிட்டது அவருக்குத் தெரியாது. கோமளத்துக்குத் தெரிந்திருந்தது.

கோமளம் ஒரு பெண்கள் பள்ளிக்கூடத்தில் விலங்கியல் டீச்சராக இருந்தவள். ஆணியில் மாட்டிய துணிப் படத்தில் சிங்கத்தின் கோரைப் பல்லைப் பிரம்பால் தொட்டுக் காட்டியே தலை நரைத்தவள். ஒரு தடவையாவது அது மூச்சு விடுவதைக் கிட்டத்தில் கேட்க வேண்டும் என்பது அவளுடைய நெடுநாள் ஆசை. ரிசப்ஷனுக்கு மறுநாளே, கூட வேலை பார்த்த சரித்திர டீச்சர் ஹமீதுன்னிசாவைத் துணைக்கு அழைத்துக்கொண்டு தேனாம்பேட்டைக்குப் போய்ப் பேசி முடித்துவிட்டாள். காகித வேலையெல்லாம் நானே பார்த்துக்கொள்கிறேன், நீங்கள் நிம்மதியாக இருங்கள் என்றும் சொல்லிவிட்டாள்.

எங்கிருந்து நிம்மதி? ஸ்ரீரங்கன் ஆப்பிரிக்காவுக்குப் போகக்கூடாது. பயந்துகொண்டுதான் போகவில்லை என்பது ஜெயராமுக்கும் தெரியக்கூடாது, கோமளத்துக்கும் தெரியக்கூடாது. கௌரவமாக ஒரு முட்டுக்கட்டை வேண்டும்.

முதலில் முதுகைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். காட்டுக்குப் பஸ்ஸில் எட்டு மணி நேரமாமே, என் முதுகு தாங்குமா என்றார். கோமளத்தின் முகத்தில் அப்படியொரு பரிவு. உடனே டெலிபோனை எடுத்துச் சுழற்றினாள். சாயங்காலத்துக்குள் பஸ் போய் விமானம் வந்துவிட்டது. ஆறே பேர் உட்காரும் குட்டி விமானம். மண் தரையில்தான் இறங்குமாம். இறங்குகிற இடத்தில் மான் படுத்திருந்தால், தாழப் பறந்து அதை விரட்டிவிட்டு, அப்புறம் இறங்குவார்களாம்.

ஸ்ரீரங்கன் சளைக்கவில்லை. ஊரார் குளிக்கிற பொதுக் குளியலறையில் குளித்துவிட்டு நான் எப்படிச் சந்தியாவந்தனம் பண்ணுவது என்று ஆரம்பித்தார். மறுநாள் சாதாரண விடுதி மாறி, நதிக்கரையில் தனிக் கூடாரம் ஆயிற்று. கூடாரத்துக்கென்றே ஒரு குளியல் தொட்டி. அது கூடாரத்துக்கு வெளியே, வெட்டவெளியில், நதியைப் பார்த்தபடி இருந்தது.

"நதியில யானை தண்ணி குடிக்க வரும் ஸார். நீங்க குளிச்சுக்கிட்டே பாக்கலாம்," என்றான் விஜயராகவன்.

யானை தன்னைப் பார்ப்பதைப் பற்றித்தான் ஸ்ரீரங்கன் யோசித்தார்.

அடுத்தபடியாகச் சாப்பாட்டைக் கையில் எடுத்தார். வெங்காயம் பூண்டு சேர்க்காத சமையல் அந்தக் காட்டில் கிடைத்தாலொழியப் பச்சைத் தண்ணீர்கூடப் பல்லில் படாது என்று சபதம் செய்தார். டர்பன் நகரத்திலிருந்து ஒரு குஜராத்திச் சமையல்காரர் தனியாக வரவழைக்கப்பட்டார். ராத்திரிச் சாப்பாடு மரத்தடியில், மெழுகுவத்தி வெளிச்சத்தில் என்று ஏற்பாடு. பரிமாற ஒருவர், துப்பாக்கியோடு நிற்க ஒருவர். துப்பாக்கி எதற்கு என்று இவர் கேட்டதற்கு விஜயராகவன் பேச்சை மாற்றிவிட்டான்.

கேப் டவுன் நகரத்தில் சின்ன அறையில் எனக்கு மூச்சு முட்டும் என்று பார்த்தார். கடலைப் பார்த்த பெரிய அறை, ஹோட்டலின் உச்சி மாடியில் கிடைத்தது. கூடவே, மலை உச்சிக்குக் கம்பியில் தொங்கிக்கொண்டு போகும் வண்டியில் ஒரு சவாரியும் சேர்ந்துகொண்டது. கூட்டத்தோடு கூட்டமாகப் புறப்பட வேண்டிய யாத்திரை, இவர் ஆட்சேபித்து ஆட்சேபித்தே மகாராஜா யாத்திரை ஆகிவிட்டது. ஒவ்வொரு தடவையும் கோமளம், "உங்களுக்கு ஒத்துக்கணுமே, அதான் முக்கியம்," என்பாள். இவ்வளவு நல்லவளை எப்படித் தடுப்பது என்று அவருக்கு அழுகையே வந்துவிடும்.

கிளம்ப ஒரு வாரம் இருக்கும்போது பஞ்சாங்கம் கை கொடுத்தது. விமானம் வியாழக்கிழமை. ஸ்ரீரங்கன் ஹாலுக்கு ஓடி வந்தார்.

"கோமளம், வியாழக்கிழமை தெக்கே சூலம். நாம போறதோ தென்னாப்பிரிக்கா. பேர்லயே தெக்கு இருக்கு. போறாததுக்கு எனக்கு அன்னிக்குச் சந்திராஷ்டமம் வேற."

"அதுக்கென்ன? திங்கக்கிழமை நாள் நன்னாயிருக்கு. பரஸ்தானம் வெச்சுடலாம்," என்றாள் கோமளம், கத்திரிக்காய் நறுக்குவதை நிறுத்தாமல்.

புறப்படுகிற நாள் சரியில்லை என்றால், அதற்கு முன்னால் ஒரு நல்ல வேளையில் பெட்டியைக் கொண்டுபோய் வேறொருவர் வீட்டில் வைத்துவிடுவதற்குத்தான் பரஸ்தானம் என்று பெயர். அப்போதே பிரயாணம் தொடங்கிவிட்டதாகக் கணக்கு. அப்புறம் சூலம் ஒன்றும் செய்யாது. அப்படியே திங்கட்கிழமை ராகு காலம் கழிந்ததும், ஸ்ரீரங்கனின் பெட்டியும் கோமளத்தின் பெட்டியும் ஆட்டோவில் ஏறி மந்தைவெளிக்குப் போய், ஹமீதுன்னிசாவின் வீட்டில் குடியேறின. ஸ்ரீரங்கன் இடிந்துபோய் உட்கார்ந்துவிட்டார்.

செவ்வாய்க்கிழமை காபி குடிக்கும்போதுதான் மூளை வேலை செய்தது. பரஸ்தானம் வைத்த பெட்டி பிரயாணத்துக்கு முன்னால் வீடு திரும்பக்கூடாது. திரும்பினால் பிரயாணம் ரத்து. இதைவிடக் கௌரவமான முட்டுக்கட்டை உலகத்தில் உண்டா?

ரத்தக் கொதிப்பு மாத்திரை பெட்டியில் மாட்டிக்கொண்டுவிட்டது என்று ஒரு சாக்கை வைத்துக்கொண்டு மந்தைவெளிக்கு விரைந்தார். அவர் பெட்டி மட்டும் வாசல் கதவுக்குப் பக்கத்திலேயே தயாராக நின்றது. மாத்திரையை மட்டும் எடுத்துக்கொள்வதாக அவர் ஒப்புக்குச் சொன்னார்.

"இங்க நின்னு எதுக்கு ஸார் தேடிக்கிட்டு? பெட்டியோடவே எடுத்துட்டுப் போங்க," என்றாள் ஹமீதுன்னிசா. ஆட்டோவையும் அவளே கைதட்டிக் கூப்பிட்டாள்.

இவ்வளவு சுலபமாகக் காரியம் முடியும் என்று ஸ்ரீரங்கன் எதிர்பார்க்கவில்லை. வீட்டில் பெட்டியை இறக்கி வைத்துவிட்டு, அப்போதுதான் ஞாபகம் வந்தவர்போல நெற்றியில் அடித்துக்கொண்டார். கோமளம் கன்னத்தில் கையை வைத்துக்கொண்டாள்.

"தெரியாத்தனமா பண்ணிட்டேளே. இனிமே நீங்க கிளம்பப்படாதே," என்றாள்.

"என் தலையெழுத்து. நீ போய்ட்டு வா. உனக்குக் குறுக்கே நான் நிக்க மாட்டேன்," என்றார் ஸ்ரீரங்கன் தழுதழுத்த குரலில். தானா இவ்வளவு அழகாக நடிக்கிறோம் என்று அவருக்கே பெருமையாக இருந்தது.

அன்று சாயங்காலம் நாகேஸ்வர ராவ் பூங்காவில் அவர் ராஜநடை நடந்தார். சிநேகிதர்கள் எல்லாரும் வருத்தப்பட்டார்கள், ஒருவருக்கும் சந்தேகம் வரவில்லை. ஜெயராமே போன் பண்ணி, சாஸ்திரத்தை மீறக்கூடாது என்று ஆறுதல் சொன்னார்.

வெற்றி ஒரு நாள்தான் இனித்தது. புதன்கிழமை மத்தியானம் கோமளம் ஜன்னலருகே புது பைனாகுலரை வைத்துக்கொண்டு எதிர்வீட்டுத் தண்ணீர்த் தொட்டியின் மேலிருந்த காக்காயைப் பார்த்துக்கொண்டிருந்தாள். வகுப்பில் பாடம் சொல்வதுபோல உதடுகள் அசைந்துகொண்டிருந்தன. எதிரே கேட்க யாருமில்லை. ஸ்ரீரங்கனுக்கு வெட்கமாக இருந்தது. இத்தனை வருஷம் காத்திருந்துவிட்டு, சிங்கம் மூச்சு விடுவதைக் கேட்கும்போது, 'கேட்டேளா' என்று சொல்லக்கூடப் பக்கத்தில் ஆளில்லாமல் இவள் தனியாக உட்கார்ந்திருப்பாளே என்று நினைத்துப் பார்த்தார். சூலமாவது மண்ணாவது என்று தீர்மானித்துவிட்டார். யாரிடமும் மூச்சு விடவில்லை.

வியாழக்கிழமை சாயங்காலம் டாக்ஸி வந்தது. பின் ஸீட்டில் ஹமீதுன்னிசா புதுத் தொப்பியோடு உட்கார்ந்திருந்தாள். வழியனுப்ப வந்திருக்கிறாள், நல்ல மனசு என்று ஸ்ரீரங்கன் நினைத்துக்கொண்டார். ஷூ போட்டுக்கொண்டு, பெட்டியைத் தூக்கிக்கொண்டு, மாடிப்படியில் தடதடவென்று இறங்கி வாசலில் வந்து நின்றார். வாழ்க்கையில் முதல் தடவையாக எதற்கும் பயமில்லை. கதவில்லாத ஜீப் வரட்டும், குளிக்கும்போது யானை வரட்டும், அவர் தயார்.

"நானும் வரேன், கோமளம். சிங்கம் என்னை என்ன பண்ணிடும்?" என்றார்.

கோமளம் ஹமீதுன்னிசாவைத் திரும்பிப் பார்த்தாள். ஹமீதுன்னிசா தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டாள்.

அந்த நேரத்தில், அடுத்த தெருவில் மெஸ் நடத்துகிற சுப்பராமன் சைக்கிளிலிருந்து இறங்கி, டிபன் கேரியரைத் திண்டாடித் திண்டாடி அவிழ்த்து எடுத்துக்கொண்டு வந்தார். ராத்திரிக்கு ரவா உப்புமாவும் கொத்சும் என்றார். ஆளை மாற்றிக் கொண்டுவந்துவிட்டீரே, நான் ஆப்பிரிக்கா போகிறேன் ஐயா, என்றார் ஸ்ரீரங்கன் கம்பீரமாக.

சுப்பராமன் பெட்டியைப் பார்த்தார். டாக்ஸிக்குள் இருந்தவளைப் பார்த்தார். தலையைச் சொறிந்துகொண்டார்.

"என்ன மாமா இது? ஆனி மாசமே டிக்கெட் வாங்கின கையோட மாமியும் இந்த டீச்சரம்மாவும் நேரா நம்ம மெஸ்ஸுக்கு வந்து, 'நாங்க ரெண்டு பேரும் ஆப்பிரிக்கா போறோம், அவர் கடைசியில ஆத்துலதான் இருப்பார், பன்னண்டு நாளைக்குச் சாப்பாடு அனுப்பிடுங்கோ'ன்னு சொல்லிட்டுப் போனாளே?"