நட்டுக்கு வைத்த சுண்ணாம்புப் பொட்டு

சனிக்கிழமை காலை ஏழேகால் மணி. எட்டு நட்டு. ஆரோக்கியதாஸ்.

கடைசியில் சொன்ன பெயர் என்னுடையது. என் காரின் முன்சக்கரம் இரண்டுக்கும் புது பிரேக் பேடு மாட்டுவதென்று மஞ்சக்குட்டையில் என் வீட்டு வாசலில் ஜாக்கியும் கையுமாக நின்றேன். மறுநாள் சேலத்தில் என் கொழுந்தியாள் மகனுக்கு நிச்சயதார்த்தம். குடும்பத்தோடு மலையிறங்க வேண்டும். காரோ ஒரு வாரமாக, பிரேக் மிதித்தால் கழுத்தைப் பிடித்த கோழி மாதிரி கத்துகிறது. ஏற்காட்டு மெக்கானிக் செவ்வாய்க்கிழமை வரச் சொல்லிவிட்டார். நிச்சயதார்த்தத்தைப் புதன்கிழமைக்குத் தள்ளச் சொல்லிச் சம்பந்தி வீட்டில் கேட்க முடியாது. நானே மாட்டுவது என்று தீர்மானித்தேன். நான் தீர்மானித்தால் தீர்மானித்ததுதான். என் மனைவி மாற்றும்வரை.

மனைவி பெயர் அற்புதம். காபி எஸ்டேட்டில் சூப்பர்வைசர். ஆட்கள் ஒரு வரிசை பழம் பறித்து முடித்ததும், பின்னாலேயே போய்ச் செடி செடியாகப் பார்ப்பது அவள் வேலை. பழம் மிச்சமில்லாத செடிக்கு அடித்தண்டில் ஒரு சுண்ணாம்புப் பொட்டு வைப்பாள். மிச்சம் இருந்து, அதை இவள் பறிக்க வேண்டி வந்தால் இரண்டு பொட்டு. சாயங்காலம் இரட்டைப் பொட்டுச் செடிகளைப் பார்த்து, யார் கை எப்படி என்று எஸ்டேட்டே பேசிச் சிரிக்கும்.

எஸ்டேட்டோடு விட்டிருக்கலாம். சுண்ணாம்பு டப்பா வீட்டுக்கும் வந்தது. நான் மூடிய கேஸுக்கு ஒரு பொட்டு. நான் நிறுத்திய மோட்டாருக்கு ஒரு பொட்டு. நான் சாத்திய கோழிக்கூண்டுக்கு இரண்டு. கல்யாணமாகி இத்தனை வருடத்தில் எங்கள் வீடே அம்மை போட்ட மாதிரி ஆகிவிட்டது.

ஆனால் எனக்கு வெகுநாளாக ஒரு சந்தேகம். இவள் எதையும் பார்ப்பதே இல்லை. சும்மா பொட்டு மட்டும்தான் வைக்கிறாள்.

அன்று காலையும் டப்பாவோடு வந்து நின்றாள்.

"ஏனுங்க, பூட்டினதும் நீங்களே ஒருக்கா மறுபடி பாத்துருங்க. அப்பறம் நான் பாக்கறேன்."

"பூட்டறவனுக்குத் தெரியாதா, அற்புதம்?"

"பூட்டறவனுக்குத்தானுங்க தெரியாது."

எனக்கு ரோஷம் வந்துவிட்டது. பந்தயம் கட்டினேன். என் வேலையில் அவள் ஒரு தப்பு கண்டுபிடித்தால், நாளைக்கு அவளே கார் ஓட்டிக்கொண்டு மலையிறங்கலாம். தப்பு இருந்து அவள் கவனிக்காமல் விட்டாலோ, தப்பே இல்லாவிட்டாலோ, அந்த டப்பா இனி என் கார் பக்கம் வரக்கூடாது.

சாதாரணப் பந்தயமில்லை இது. அற்புதம் லைசென்ஸ் எடுத்து இரண்டு வருடம் ஆகிறது. சர்ச் வரைக்கும் ஓட்ட விட்டிருக்கிறேன், அதுவும் நான் பக்கத்தில் உட்கார்ந்து வியர்த்துக்கொண்டு. இருபது கொண்டை ஊசி வளைவும் என் சொத்து. அதில் மட்டும் யாருக்கும் பங்கு கொடுத்ததில்லை.

"நெசமாத்தானுங்களா?" என்றாள்.

நிஜம்தான் என்றேன். அடுத்த வீட்டில் இருக்கும் தன் தம்பி மெல்வினைச் சாட்சி வைத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

ஸ்பேனர் எடுத்துக் கொடுக்க மகள் ஃபெபி வந்தாள். கல்லூரியில் படிக்கிறவள், செல்போனை ஒரு கையிலும் ஸ்பேனரை ஒரு கையிலும் பிடித்திருந்தாள். சக்கரத்துக்குக் கல் முட்டுக் கொடுத்துவிட்டு அவளுக்குப் பாடம் நடத்தினேன்.

"பாரு கண்ணு, சக்கரம் தூக்கி நிக்கறப்ப நட்டைச் சும்மா கைப்பிடிக்குப் பூட்டணும். ஜாக்கியை எறக்கி, சக்கரம் தரையில நின்னதுக்கப்பறம் ஸ்பேனரை மிதிச்சு இறுக்கணும். இதை மறந்துட்டுத்தான் பாதிப் பேர் பள்ளத்துல கெடக்கறான்."

வலது சக்கரத்தில் பேடு மாற்றினேன். சக்கரத்தை மாட்டி ஜாக்கியை இறக்கினேன். அந்த நிமிஷத்தில்தான் எனக்கு அந்த யோசனை உதித்தது.

தப்பு இல்லாவிட்டால் அவள் கண்டுபிடிக்க மாட்டாள், சரி. ஆனால் தப்பு இருந்தும் கண்டுபிடிக்காவிட்டால்? அவள் மானம் மஞ்சக்குட்டையிலிருந்து கரடியூர் வரை பறக்குமே. வேண்டுமென்றே ஒரு நட்டைத் தளர்த்தி வைப்பது. பார்க்காமலே பொட்டு வைப்பாள். தம்பியைக் கூப்பிட்டு அவன் எதிரிலேயே பிடிப்பது. பிறகு நானே இறுக்கிக்கொள்வது.

யோசனை போன வேகத்தில் கையும் போனது. இடது சக்கரத்தைத் தூக்கினேன், பேடு மாற்றினேன், மாட்டினேன், இறக்கினேன், நாலு நட்டையும் மிதித்து இறுக்கினேன். கை துடைக்கத் துணி வேண்டுமென்று ஃபெபியை உள்ளே அனுப்பிவிட்டு, மேல் நட்டு ஒன்றை மட்டும் மூன்று சுற்றுத் தளர்த்தினேன். அற்புதத்தை அழைத்தேன்.

அவள் வந்தாள். காபி போட்டு வைத்திருப்பதாகவும், நான் போய் எல்லாருக்கும் ஊற்றிக்கொண்டு வந்தால் அதற்குள் பார்த்துவிடுவதாகவும் சொன்னாள். சந்தோஷமாகப் போனேன். தட்டோடு திரும்பினபோது எட்டு நட்டிலும் வெள்ளையாகச் சுண்ணாம்பு. ஸ்பேனர் வைத்த இடத்தில் இருந்தது. ஃபெபி செல்போனைப் பார்த்து எதற்கோ சிரித்துக்கொண்டிருந்தாள்.

"பாத்தாச்சுங்க. நல்லா இருக்குது."

"எட்டும்?"

"எட்டுந்தானுங்க."

மெல்வினைக் கூப்பிட்டேன். தொண்டையைச் செருமிக்கொண்டேன். உன் அக்காள் சுண்ணாம்பு வைப்பாளே தவிர நட்டைத் தொட்டே பார்க்க மாட்டாள், இதோ நிரூபிக்கிறேன் என்று அறிவித்தேன். இடது சக்கரத்தின் முன் மண்டியிட்டு, மேல் நட்டை இரண்டு விரலால் திருகினேன்.

அசையவில்லை.

ஸ்பேனரைப் போட்டுத் திருகினேன். முனகினேன். நட்டு முனகக்கூட இல்லை.

"என்னங்க தேடறீங்க?" என்றாள் அற்புதம்.

"இந்த நட்டு. இதை நான்தான் லூசா விட்டேன்."

"தெரியாம விட்டீங்களா?"

"தெரிஞ்சேதான் விட்டேன். உன்னைப் பிடிக்க."

"எத்தனைங்க விட்டீங்க?"

"ஒண்ணே ஒண்ணு."

அற்புதம் தம்பியைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

"அஞ்சு இருந்துச்சுங்க."

மெல்வின் குனிந்தான். அப்போதுதான் நானும் சுண்ணாம்பைச் சரியாகப் பார்த்தேன். இடது சக்கரத்தில் மூன்று நட்டுக்கு ஒற்றைப் பொட்டு, மேல் நட்டுக்கு இரண்டு. எழுந்து வலது பக்கம் போனேன். அங்கே நாலும் இரட்டைப் பொட்டு.

"எறக்கினதுக்கப்பறம் அந்தப் பக்கம் நீங்க இறுக்கவே இல்லீங்கப்பா," என்றாள் ஃபெபி. "கையிலயே சுத்துச்சு. அம்மா சுத்தினதை வீடியோ எடுத்திருக்கறேன்."

"மாமா," என்றான் மெல்வின், "மரை கழண்டது காருக்கு மட்டும்னு நெனைச்சேன்."

தெரிந்தே விட்ட நட்டைக் கணக்கில் சேர்க்கவில்லை என்று அற்புதம் பெருந்தன்மையாகச் சொன்னாள். மீதி நாலு போதுமாம். அந்த நாலு நட்டோடு, மெல்வினையும் சேர்த்து மூன்று பேரை ஏற்றிக்கொண்டு நான் முதல் வளைவில் ஸ்டியரிங்கைத் திருப்பியிருப்பேன் என்று நினைத்ததும் சட்டைப் பையிலிருந்து சாவியை எடுத்தேன். அவளிடம் நீட்டினேன். அவள் வாங்கிக்கொண்டு, எட்டு நட்டையும் என்னை ஒரு தரம் பார்க்கச் சொன்னாள். பார்த்தேன். இரண்டு தரம் பார்த்தேன்.

2025 நவம்பர் 9, ஞாயிறு காலை, கார் அடிவாரம் வந்து சேர்ந்தது. ஓட்டியது அற்புதம். பின்சீட்டில், நான் மாட்டியிருந்த சீட் பெல்ட் மேல் இரண்டு பொட்டு இருந்தது.